வத்தைக்காரர் கண்ட திமிங்கிலம்

பேரு சொல்ல மாட்டேன். கேக்காதீங்க. அந்த மனுஷன் பேரை நாங்கல்லாம் சேந்து கெடுத்தது போதும். வத்தைக்காரர்னே வச்சுக்குவோம். வத்தைன்னா எங்க பக்கத்துக் கடல்ல பாய் கட்டி ஓட்டுற பலகைப் படகு. ஜெகதாப்பட்டினத்துக் கரையில வரிசையாக் கெடக்கும். அதுல ஒண்ணு அவரோடது.

அந்த ஆளை நெனைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒரு மனுஷன் நல்லவனா இருந்துட்டுப் போகட்டும், யாரு வேணாங்கிறா? கூட இருக்கிறவுகளையெல்லாம் அயோக்கியங்களா ஆக்கிட்டுத்தான் போகணுமா? நானும் பாக்காத மனுஷங்க இல்லை. இப்படி ஒரு அழுத்தக்காரரை நான் கண்டதே இல்லை.

எங்க வீட்டுக்காரர் அறந்தாங்கியில பஸ் ஏஜெண்டா இருந்தாரு. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆயிருக்கும். புதுக்கோட்டை சமஸ்தானம் மெட்ராஸோட சேந்து போச்சு. ஆனா பாருங்க, அந்தச் சமஸ்தானம் முழுக்க அலசினாலும் ஒரு சொட்டுக் கடல் கெடையாது. கடக்கரையெல்லாம் இங்கிட்டு, அப்ப தஞ்சாவூர் ஜில்லாவுல இருந்துச்சு. அன்னவாசல்லயும் திருமயத்துலயும் தலை நரைச்ச வரைக்கும் கடலைக் கண்ணால பாக்காதவுக எத்தனையோ பேரு. அதைப் பாத்துத்தான் இவருக்கு யோசனை வந்துச்சு. ஞாயித்துக்கெழமை சும்மா நிக்கிற பஸ்ஸை வாடகைக்கு எடுத்து, விடியக்காலம் புதுக்கோட்டையில ஆளை ஏத்தி நேரா ஜெகதாப்பட்டினம். அங்க வத்தையில ஏத்திப் பகல் பூராவும் கடல்ல சுத்திக் காமிச்சு, பொழுது சாயறதுக்குள்ள கரை. மத்தியானத்துக்கு நான் கிண்டின புளிச்சோறு, பருப்புத் தொவையல், ஒரு பானை மோர். பொம்பளைங்க வந்தா அவுகளைக் கவனிச்சுக்க நானும் கூடப் போவேன்.

நோட்டீஸ் அடிச்சாரு. மஞ்சக் காகிதத்துல கொட்டை எழுத்து. "முழுநாள் கடல் காட்சி! திமிங்கிலம்! கடல் பசு! ஓங்கல்! பேராமை!" திமிங்கிலத்தைத்தான் மேல போட்டிருந்தாரு. அப்பத்தான் கூட்டம் வரும்னு சொன்னாரு.

மொத நாளு. ஆளுங்க முழங்கால் சேத்துல எறங்கி நடந்து, வத்தையில ஏறி உக்காந்து, வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்காக. அன்னவாசல்காரர் ஒருத்தர் நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு, "திமிங்கிலம் எத்தனை மணிக்குங்க வரும்?"னு கேட்டாரு, ரயில் வர்ற நேரத்தைக் கேக்குறாப்பல. வத்தைக்காரர் பாயை அவுத்துக்கிட்டு இருந்தவரு, நிமுந்து கூடப் பாக்காம சொன்னாரு.

"திமிங்கிலம் இங்க கெடையாதுங்க."

"நோட்டீஸ்ல போட்டிருக்கே?"

"நோட்டீஸு கடலைப் பாத்ததில்லிங்க. இங்க ரெண்டு ஆள் ஆழம், மூணு ஆள் ஆழந்தேன். அம்மாம் பெரிய உசுரு இங்க எப்படிங்க நீஞ்சும்? எங்கப்பாரு காலத்துல ஒண்ணு செத்து ஒதுங்குச்சாம். நான் கண்டதில்லை."

எங்க வீட்டுக்காரர் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்! ஏறின ஆளுல நாலு பேரு எறங்கிட்டாக. அன்னவாசல்காரர் மட்டும், வந்தது வந்தாச்சு, கடல் தண்ணி உப்பாதானான்னாவது பாத்துட்டுப் போறேன்னு உக்காந்தாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! கையில இருந்த புளிச்சோத்துச் சட்டியை அவர் தலையில கவுத்திருப்பேன். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அடுப்புல வெந்தவ நானு. எங்க பொழைப்புல மண்ணைப் போட இவரு யாரு?

அதான் அந்த ஆளு. கண்ணால கண்டாத்தான் வாயைத் தொறப்பாரு. மத்த நேரம் பாய்மரத்தை ஒரு கையில புடிச்சுக்கிட்டு முன்னால நிப்பாரு. வாயில போயிலைக் காம்பு ஒண்ணு அடங்கியிருக்கும். கண்ணு ரெண்டும் பாதி மூடினாப்பல இருக்கும். தூங்குறாரோன்னு நெனைப்போம். சுக்கான் புடிக்கிறது அவர் மச்சினன். மணிக்கணக்கா வெயில்ல காஞ்சு, ஆளாளுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு, "என்னங்க ஒண்ணும் வரலையே"ன்னு கேட்டா, "நம்ம வந்திருக்கிறது அதுகளுக்குத் தெரியாதுங்களே"ம்பாரு. அம்புட்டுத்தான். அப்புறம் திடீர்னு, சத்தமே இல்லாம, "அதோ"ம்பாரு. அங்க இருக்கும். ஓங்கல், இப்ப டால்பின்ங்கிறாகளே அதுதான், நாலஞ்சு முதுகைக் காட்டித் துள்ளும். இல்லை, பேராமை ஒண்ணு தலையைத் தூக்கி நம்மளை மொறைச்சுட்டுப் போகும். இல்லை, புல்லுத்தரை மேல கடல் பசு வந்து புஸ்ஸுன்னு மூச்சு விடும். கடலுக்கு அடியில பச்சப் பசேல்னு புல்லு மொளைச்சுக் கெடக்கும், அதை மேயற உசுரு அது. அந்தக் கரையில ஆவுளியாம்பாக. அவர் அதோன்னு சொல்லி அங்க ஒண்ணும் இல்லாம இருந்ததா நான் ஒரு நாளும் பாத்ததில்லை.

அதோன்னு சொல்லாத நாளும் உண்டு. அதான் தொல்லை. ஒரு ஞாயித்துக்கெழமை பகல் பூராவும் ஒரு ஆமை கூட வரலை. வந்தவுக மொணமொணக்க ஆரம்பிச்சுட்டாக. எங்க வீட்டுக்காரர் அவர்கிட்டப் போயி, காதுல சொல்றாப்பல, "அண்ணே, தூரத்துல ஒரு அலையைக் காட்டி, அந்தா ஓங்கல் முதுகுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுகளுக்கு என்ன தெரியப் போவுது? சந்தோசமாப் போயிருவாக"ன்னாரு.

"மாட்டேங்க."

"ஒரு வார்த்தைதான அண்ணே. ஒங்களுக்கு என்ன கொறைஞ்சு போயிரும்?"

"மொதலாளி, நாளைக்குக் கரையில நின்னு மீனு வருதுன்னு துண்டை வீசுவேன். எவன் வலை போடுவான்?"

இதை நீங்க புரிஞ்சுக்கணும். அந்தக் கரையில கரைவலை இழுக்குறவுகளுக்குக் கண்ணு இவருதான். மணல் மேட்டுல ஏறி நின்னு, தண்ணியில நெறம் மாறுறதை வச்சே மீன் கூட்டம் வருதுன்னு கண்டுக்குவாரு. தலைத் துண்டை அவுத்து அவர் ஒரு வீசு வீசினா, ஒருத்தரும் எதுத்துக் கேக்க மாட்டாக. நாப்பது பேரு கயித்தைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவாக. தப்பாச் சொன்னா அம்புட்டுப் பேருக்கும் அன்னைக்கு ஒழைப்பு வீணு, அடுப்பு எரியாது. அதனால அவர் துண்டுக்கு அம்புட்டு மதிப்பு. செவப்புக் கரை போட்ட பழைய துண்டு, தொவைச்சுத் தொவைச்சு வெளுத்தது. நாட்டாமைக்காரர் அங்கவஸ்திரத்துக்குக் கூட அந்தக் கரையில அந்த மரியாதை இல்லை.

ஒடனே அவரை மகான்னு நெனைச்சுக்காதீங்க. கடல் பசு வலையில மாட்டினா அறுத்துக் கூறு போடுற ஆளுதான் அவரும். கறி நல்லாருக்கும்னு நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டே சொல்லுவாரு. நான் ஒரு நாளு கேட்டே விட்டேன். குட்டியோட ஒரு கடல் பசு மேல வந்திருக்கு. வந்தவுக எல்லாம் கிட்டப் போ, கிட்டப் போன்னு கத்துறாக. இவரு பாயைத் திருப்பித் தள்ளியே நிக்கிறாரு. "புள்ளைக்காரிங்க அது. கிட்டப் போனா பயந்து பாலு குடுக்காது. இங்கிட்டிருந்தே பாருங்க"ங்கிறாரு.

"ஏண்ணே, திங்கிறதுக்கு மட்டும் அறுக்கலாமோ?"ன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான்.

"வலையில வந்தா கறி ஆத்தா. பாலு குடுக்கையில தாய். இதுல என்ன இருக்கு?"ன்னாரு. ரெண்டும் ரெண்டு வேலைங்கிறாப்பல.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடுச்சு. தை பொறந்து கடல் தெளிஞ்சா ஆரம்பிப்போம், பங்குனியோட முடிப்போம். வேடிக்கை என்னன்னா, அவர் இல்லைன்னு சொல்லச் சொல்லத்தான் கூட்டம் கூடுச்சு. "அந்த வத்தைக்காரர் பொய் சொல்ல மாட்டாரு, காமிச்சா நெசமாக் காமிப்பாரு"ன்னு புதுக்கோட்டைச் சந்தையில பேச்சாம். எங்க வீட்டுக்காரர் நோட்டீஸ்ல இருந்து திமிங்கிலத்தைத் தூக்கிட்டாரு. எனக்கும் கோவம் கொஞ்சம் ஆறியிருந்துச்சு. அந்த நேரத்துலதான் எனக்கு மொதப் புள்ளை பொறந்துச்சு.

ஆம்பளப் புள்ளை. நாப்பத்தோரு நாள் இருந்தான். ஒரு நாள் காய்ச்சல். போயிட்டான்.

இதை நான் நீட்டி மொழக்கப் போறதில்லை. புள்ளை போனது வீட்டுக்குத் தெரியுது, ஊருக்குத் தெரியுது, மாருக்குத் தெரியலையே! வேளாவேளைக்குச் சொரந்துச்சு. பக்கத்து வீட்டக்கா மல்லியப்பூவை வச்சு மாரோட இறுக்கிக் கட்டி விட்டாக. பூவு வச்சுக் கட்டினா பாலு வத்தும்பாக. தலையில ஒரு பூ இல்லை, ரவிக்கைக்குள்ள மொழக்கணக்குல பூ. இந்த அநியாயத்தை யார்கிட்டப் போய்ச் சொல்றது?

ஒரு மாசம் ஆகலை. எங்க வீட்டுக்காரர் வந்து நின்னாரு. புதுக்கோட்டையில இருந்து ஒரு பெரிய ஆபீசர் குடும்பத்தோட வர்றாரு. அவர் மனசு வச்சா, அறந்தாங்கியில இருந்து ஜெகதாப்பட்டினத்துக்குத் தெனமும் பஸ் விட எங்க பேருலயே பர்மிட் கெடைக்கும். சம்சாரத்துக்குக் கடல் பசு பாக்கணும்னு ஆசை. அந்தம்மாவுக்குத் தொணைக்கு நீ வரணும்னாரு.

"நான் எப்படிங்க வர்றது?"ன்னேன்.

"ஒரு பகல்தான. புள்ளை செத்ததைப் பத்தி மட்டும் மூச்சு விடாத. புள்ளையைப் பறிகுடுத்தவன்னு தெரிஞ்சா அந்தம்மா சகுனம் பாக்கும், வத்தையில ஏறாது. கேட்டா இன்னும் புள்ளை இல்லைன்னு சொல்லிரு."

அப்பவே அவர் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கணும். விடலை. புளிச்சோறு கிண்டினேன். பூவை மாத்திக் கட்டிக்கிட்டுப் பொறப்பட்டேன். என்னைச் சொல்லணும்.

கரையில வத்தைக்காரர் என்னைப் பாத்ததும், "நீங்க ஏன் ஆத்தா வந்தீங்க?"ன்னாரு. அவருக்குத் தெரியும். ரெண்டு ஞாயித்துக்கெழமை பஸ் வராதப்பவே சேதி போயிருச்சு. எங்க வீட்டுக்காரர் அவரைக் கண்ணால அடக்கினாரு. வத்தை கெளம்பி, ஆபீசர் சம்சாரம் என் பக்கத்துல உக்காந்து, நல்ல பொம்பளைதான் பாவம், வாய் நெறையச் சிரிச்சுக்கிட்டு, "பூ வாசம் ஆளைத் தூக்குதே, தலையில காணோமே? புள்ளை குட்டி உண்டாம்மா?"ன்னாக.

"இன்னும் இல்லிங்க"ன்னேன்.

பாய்மரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னவரு திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாரு. மறுபடியும் கடல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அந்தப் பார்வைக்கு அவர் என்னை நாலு வார்த்தை வஞ்சிருக்கலாம்.

காலையில இருந்து ஒண்ணும் வரலை. ஆபீசர் கழுத்துல பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கிட்டு எல்லாப் பக்கமும் பாத்தாரு. அவர் கூட வந்த கூட்டாளிங்க மூணு பேரு சீட்டு வெளையாடினாக. சோறு முடிஞ்சுது. எங்க வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டுது. மோர்ப் பானையை ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டு, ஆடுற வத்தையில காலை ஊனி ஊனி ஒவ்வொருத்தருக்கா ஊத்திக்கிட்டு வர்றேன். அப்பத்தான், "அதோ"ன்னாரு.

வலப்பக்கம், பத்துப் பாகம், அறுபது அடி தூரம் இருக்கும். அம்புட்டுக் கிட்டத்துல அதுக்கு முன்னாடி வந்ததில்லை. அதுவா வந்துருச்சு. தாய் மொதல்ல மூக்கைத் தூக்கிப் புஸ்ஸுன்னுச்சு. அது கைக்கக்கத்துல ஒட்டிக்கிட்டுக் குட்டி. அதுவும் மேல வந்து மூச்சு விட்டுச்சு. சின்ன மூச்சு. தொட்டில்ல கெடக்குற புள்ளை தும்முறாப்பல இருந்துச்சு. மறுபடியும் போயித் தாயோட கக்கத்துல வாயை வச்சுக்கிச்சு.

எனக்கு மார் ரெண்டும் இறுகுச்சு. அவ்வளவுதான் தெரியும். பூவு கட்டு எல்லாம் ஒண்ணும் நிக்கலை. கொட்டுது. ரவிக்கை நனைஞ்சு, மேல போட்டிருந்த மெல்லிசு வாயில் சேலை நனைஞ்சு, வகுத்துல வழியுது. கையில பானை. கீழ வைக்க எடமில்லை, விட்டா ஒடைஞ்சு எல்லாரும் திரும்புவாக. ஒரு மொழம் தூரத்துல ஆறேழு ஆம்பளைங்க. நான் விசும்பிட்டேன் போலருக்கு. "என்னம்மா, என்ன ஆச்சு?"ன்னு ஆபீசர் சம்சாரம் திரும்புறாக. அந்தம்மா திரும்பினதும் ஆபீசரும் தலையைத் திருப்புறாரு.

அப்பத்தான் கேட்டுச்சு அந்தச் சத்தம். ரெண்டு வருஷத்துல அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"அதோ! அங்கிட்டு! எடப்பக்கம்! திமிங்கிலம்! திமிங்கிலம்!"

வத்தையே கவுந்துரும் போல ஆச்சு. அம்புட்டுப் பேரும் எடப்பக்கம் பாய்ஞ்சுட்டாக. அந்தம்மாவும் என்னை விட்டுட்டு ஓடிட்டாக. சுக்கான் புடிச்ச மச்சினன் கூட அங்கிட்டுத் திரும்பிட்டான். இவர் வாயில திமிங்கிலம்னு வந்தா யாரு திரும்ப மாட்டா? என் மடியில என்னமோ வந்து விழுந்துச்சு. அவர் தலைத்துண்டு. அவர் என் பக்கம் பாக்கலை. எடப்பக்கமே கையை நீட்டிக்கிட்டு, "அங்க, இன்னும் தூரமா, நல்லாப் பாருங்க, நல்லாப் பாருங்க"ன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. பானையை எறக்கி, துண்டை எடுத்துப் போத்தி, முந்தானையை மேல இழுத்துச் சொருகி நான் உக்காந்தேன். அதுக்கப்புறந்தான் அவர் கை கீழ எறங்குச்சு.

எடப்பக்கம் ஒண்ணுமில்லை. வெறும் தண்ணி, வெயில் அடிச்சுப் பளபளன்னு கெடக்கு. வலப்பக்கம் திரும்பினா அங்கயும் ஒண்ணுமில்லை. இவங்க போட்ட கூச்சல்ல தாயும் குட்டியும் முங்கிப் போயிருச்சுங்க. நெரிசல்ல ஆபீசரோட பைனாகுலர் கடல்ல விழுந்துருச்சு.

"எங்கடா திமிங்கிலம்?"னாரு ஆபீசர்.

"தப்பாக் கண்டுட்டேங்க."

பளார்னு ஒரு அறை. பொண்டாட்டி முன்னாடி, கூட்டாளிங்க முன்னாடி, மச்சினன் முன்னாடி. துண்டு இல்லாத தலை. போயிலைக் காம்பு தெறிச்சு என் காலடியில விழுந்துச்சு. கன்னத்தைத் தடவிக்கக் கூட இல்லை அந்த மனுஷன். பாய்க் கயித்தைப் புடிச்சுக் கரைப் பக்கம் திருப்பினாரு.

எங்க வீட்டுக்காரர் சும்மா இருந்தாரா? எத்தனை நாளு கெஞ்சினேன் ஒரு பொய் சொல்லுன்னு, அப்பல்லாம் அரிச்சந்திரன் மாதிரி நின்னியே, பர்மிட்டைக் கெடுக்கன்னே இன்னைக்குச் சொன்னியான்னு வழி பூராவும் வஞ்சாரு. கரையேறினதும், இனிமே எங்க பக்கம் தலை வச்சுப் படுக்காதன்னுட்டாரு. அவர் அதுக்கும் "சரிங்க"ன்னாரு. நான் துண்டைப் போத்திக்கிட்டு நின்னேன். கடக்காத்து ஒத்துக்கலைன்னு ஆபீசர் சம்சாரமே என் சார்பா ஒரு காரணம் சொன்னாக. தலையாட்டினேன்.

இப்பக் கேளுங்க, வாய் நீளம்னு சொன்னேனே, எங்க போச்சு அந்த வாய்? புருஷனுக்கு முன்னாடி நாலு பேரை எதுத்துப் பேசுறவ நான். அன்னைக்கு ஒரு வார்த்தை வரலை. என்னன்னு சொல்றது? மார்ல பாலு ஒழுகுச்சுன்னா? காலையிலதான் புள்ளையே இல்லைன்னு சொன்ன வாயி. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளான்னைக்குன்னு தள்ளினேன். அடுத்த வருஷம் மக பொறந்தா. அப்புறம் எதுக்குப் பழசைக் கெளறணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நம்ம மனசுக்குச் சாக்கு சொல்றதுல நம்மளை மிஞ்ச ஆளே கெடையாது.

ஆறேழு வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு ஜெகதாப்பட்டினம் போனேன். துண்டையும் பெட்டியில இருந்து எடுத்து மடிச்சுக் கொண்டுபோனேன். கரையில விசாரிச்சேன்.

"யாரு, திமிங்கிலமா?"ன்னான் ஒருத்தன். இன்னும் மூணு பேரு சிரிச்சாங்க. அவருக்கு அதான் பேரு அந்தக் கரையில. மச்சினன்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கான். இல்லாததைக் கண்டேன்னு சொல்ற கண்ணை நம்பி எவன் வலை போடுவான்? ரெண்டு தடவை துண்டு வீசினாராம். வேற துண்டு. ஒருத்தரும் கயித்தைத் தொடலையாம். ரெண்டாந்தடவை வந்தது நெசமான கூட்டமாம், கண்ணு முன்னாடி போயிருச்சாம். அப்பவும் அவர் மேலதான் பழி, ஒழுங்காச் சொல்லியிருந்தா நம்பியிருப்போம்லன்னு. அப்புறம் வத்தையும் போச்சு.

கருவாடு காயப்போட்ட எடத்துல இருந்தாரு. கையில ஒரு குச்சி. அடுத்தவுக கருவாட்டுக்குக் காக்கா ஓட்டிக்கிட்டு இருந்தாரு. கடல்ல மூணு மைல் தூரத்துல ஆமைத் தலையைக் கண்ட கண்ணு.

"அண்ணே, இந்தாங்க ஒங்க துண்டு"ன்னேன்.

பாத்தாரு. அடையாளம் தெரிஞ்சுது, எனக்குத் தெரியாதா? ஆனா, "இது என்னுது இல்லை ஆத்தா"ன்னாரு. "புள்ளைங்க இருக்குதா?"

"ஒரு மக இருக்கா."

"நல்லது. நல்லா இருக்கட்டும்."

"அண்ணே, அன்னைக்கு நீங்க எனக்காக..."

"அன்னைக்குத் திமிங்கிலம் வந்துச்சு ஆத்தா. நான் கண்டேன்."

என் மூஞ்சியை நேராப் பாத்துச் சொல்றாரு. என்கிட்டயே! எனக்குக் கண்ணு மண்ணு தெரியாம வந்துருச்சு கோவம். பின்னாலயே வந்து நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க பக்கம் திரும்பினேன். "ஏய், என்னடா சிரிப்பு? இங்க வாங்கடா எல்லாரும்! அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன். திமிங்கிலமும் வரலை, ஒரு மண்ணும் வரலை. அன்னைக்கு வத்தையில எனக்கு..."

"அதோ! அதோ! அங்கிட்டு! திமிங்கிலம்!"

குச்சியைத் தூக்கிக் கடலைக் காட்டிக் கத்துறாரு. அதே சத்தம். அம்புட்டுப் பேரும் பழக்கத்துல கடல் பக்கம் திரும்பினாங்க. அப்புறம் அவர் பக்கம் திரும்பிச் சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு, கைதட்டி, வகுத்தைப் புடிச்சுக்கிட்டு. "வந்துருச்சுரா திமிங்கிலம்! வந்துருச்சுரா!" நான் சொல்ல வந்தது ஒருத்தன் காதுலயும் விழலை. அவர் கையை எறக்கவே இல்லை. எனக்கு மட்டும் கேக்குறாப்பல, "போங்க ஆத்தா. கல்யாண வீட்ல தேடுவாக. போங்க"ன்னாரு.

போனேன். துண்டோட திரும்பிப் போனேன். ரெண்டு தடவை அந்த மனுஷன் என் வாயை அடைச்சாரு. யாரைக் கேட்டு அடைச்சாரு? என் மானம் என்னுது. அதுக்கு வெலையா அவர் பேரைக் குடுக்கச் சொல்லி நான் கேட்டேனா?

இப்ப எங்க வீட்டுக்காரரும் இல்லை, அவரும் இல்லை. அந்த ஆபீசர் இருக்காரோ என்னமோ. யாரு எங்கிட்டு வேணும்னாலும் கையைக் காட்டிக் கத்தட்டும், நான் சொல்றதைச் சொல்லிட்டுத்தான் திரும்புவேன். அன்னைக்கு அந்தக் கடல்ல திமிங்கிலம் வரலை. என் புள்ளை செத்து இருபத்தேழு நாள் ஆகியிருந்துச்சு. எனக்குப் பாலு வந்துச்சு. அவர் அதைத்தான் கண்டாரு.